ஆதிகேசவனின் இடது கால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மர்பி டவுன் மார்க்கெட்டில் கறி வாங்கிக்கொண்டு ஆதிகேசவன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. கீரை விற்கும் ரத்தினம்மாள், கையில் ஒற்றை ரப்பர் செருப்போடு மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள்.

"என்னா கேசவா, ஒத்தச் செருப்போட போறே. இன்னொண்ண என் கடைகிட்டயே வுட்டுட்டியே."

அவர் குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. கீரைக்கடையிலிருந்து அந்த இடம் நூறு அடிக்குக் குறையாது. குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த தெரு அது. ஜல்லியும் உடைந்த செங்கலும் கிடந்தன. அத்தனையையும் வெறுங்காலால் மிதித்து வந்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை.

"நெனப்பு எங்கயோ இருந்துச்சிக்கா" என்று செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டார். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. பொம்மனஹள்ளியில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் வேலை. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையை மனைவி வீணா எடுத்துக் கையில் கொடுத்தால் போடுவார், கொடுக்காத நாளில் மறந்துவிடுவார். மகள் வைஷ்ணவி பி.காம் கடைசி வருடம். இப்படி ஒரு குடும்பம் அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒன்று உண்டு. ஆனால் ஸ்டெப் டான்ஸ் ஆடுகிறவர் அவர் ஒருவர்தான்.

அதென்ன ஸ்டெப் டான்ஸ் என்று கேட்காதவர்கள் இல்லை. சினிமாப் பாட்டுக்கு எல்லாரும் போடுகிற ஸ்டெப்தானே என்பார்கள். அவர் பொறுமையாகச் சொல்வார். மற்ற ஆட்டங்களில் பாட்டு ஒரு பக்கம் இருக்கும், உடம்பு அதற்கு ஏற்றபடி ஆடும். இதில் காலே வாத்தியம். காலணியின் அடியில் முன்பக்கம் ஒரு இரும்புத் தகடு, குதிகாலில் ஒரு தகடு. பலகைமேல் நின்று நுனிக்காலால் தட்டினால் ஒரு சத்தம், குதிகாலை இறக்கினால் கனமாக வேறொரு சத்தம், பாதத்தை முன்னும் பின்னும் உரசி இழுத்தால் இன்னொன்று. இவற்றைக் கோத்து வாசிப்பதுதான் ஆட்டம். பரதநாட்டியத்திலும் கால் தட்டுகிறார்கள். ஆனால் அங்கே கதை சொல்வது கையும் கண்ணும். குத்து ஆடினால் இடுப்பும் தோளும் சும்மா இருக்காது. ஸ்டெப் டான்ஸில், அதுவும் அயர்லாந்துக்காரர்கள் ஆடும் வகையில், இடுப்புக்கு மேலே ஒன்றுமே நடக்காது. முதுகு நேராக இருக்கும், கை இரண்டும் பக்கத்தில் தொங்கும், முகம் பஸ்ஸுக்கு நிற்பவன் முகம்போல இருக்கும். முழங்காலுக்குக் கீழேதான் எல்லாம்.

தன் தெருக்காரர்களிடம் இன்னும் சுருக்கமாகச் சொல்வார். "பறை அடிக்கிறவன் கையால அடிச்சிக்கினே காலால ஆடுறான் இல்ல. இதுல அடிக்கிறதும் கால்தான், ஆடுறதும் கால்தான்."

அவர் இதை முதன்முதலில் அறிந்தது கண்ணால் அல்ல. பத்தொன்பது வயதில் ஷாமியானா போடும் கான்ட்ராக்டரிடம் வேலை செய்தார். பேலஸ் மைதானத்தில் ஒரு வெளிநாட்டுக் குழுவின் நிகழ்ச்சி. மேடையில் ஒரு பலகை ஆடுகிறது, ஆட்டம் முடியும்வரை அடியில் உட்கார்ந்து கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடி என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஒன்றரை மணி நேரம் இருட்டில், தலைக்கு மேலே பன்னிரண்டு பேரின் கால்கள். முதலில் மழைபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு காலும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தது. எந்தக் கால் நுனி, எந்தக் கால் குதி என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. ஆடியவர்களின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. வெளியே வந்தபோது சட்டை முழுக்க மரத்தூள்.

பிறகு வீடியோ கேசட் தேடி அலைந்தார். சிவாஜிநகரில் ஒரு செருப்புத் தொழிலாளியைப் பிடித்து, போலீஸ் பூட்ஸ் ஒன்றை வெட்டித் தகடு வைக்கச் சொன்னார். மொட்டை மாடியில் நாலடிக்கு நாலடி பிளைவுட் பலகை போட்டு, கேட்டதை நினைவிலிருந்து அடித்துப் பார்த்தார். யூடியூப் வந்த பிறகு ஒவ்வொரு அடியையும் மெதுவாக்கிப் பார்த்துத் தன் தவறுகளைத் திருத்தினார். சினிமா நடனக் குழு ஒன்றில் கடைசி வரிசையில் ஆடிக்கொண்டிருந்த நரேஷ் அவருடன் சேர்ந்தான். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். ஹோட்டல்களில் மார்ச் மாத ஐரிஷ் விழா, கிறிஸ்துமஸ், கம்பெனிகளின் ஆண்டு விழா என்று வருடத்துக்குப் பதினைந்து இருபது நிகழ்ச்சிகள் வந்தன. அதை நம்பி அவர் வேலையை விடவில்லை. வேலைக்காக அதையும் விடவில்லை.

செருப்பு கழன்ற ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் கழித்து, மாலையில் மாடியில் பயிற்சி செய்துவிட்டு இறங்கினார். வைஷ்ணவி கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குக் கீழேயே வளர்ந்தவள்.

"அப்பா, உன் லெஃப்ட் கால் லேட்டா வருது."

"எங்க?"

"வேகமா போறப்போ. குதிகால் ஒரு தட்டு தள்ளி வுழுது. முன்னெல்லாம் அப்டி இல்லையே."

"வயசாவுது இல்ல" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ரைட் கால் கரெக்டா தானே வருது. அதுக்கு மட்டும் வயசாவலையா?"

அவர் குளிக்கப் போனார். குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இடது பாதத்தைக் கிள்ளிப் பார்த்தார். நகம் பதிந்தது தெரிந்தது, வலிக்கவில்லை. வேறு யாருடைய காலையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. வெகு நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதம் கம்பெனியிலேயே ஒரு இலவச சர்க்கரை நோய் முகாம் நடத்தினார்கள். சூப்பர்வைசர் பெயர் வாசித்து ஒவ்வொருவராக அனுப்பினார். ரத்தம் எடுத்த பிறகு, பாதத்தைச் சோதிக்கிற பெண்ணிடம் போகச் சொன்னார்கள். அவள் கையில் ஒரு பிடி, அதன் முனையில் மீன் தூண்டில் நரம்புபோல ஒரு நைலான் இழை.

"கண்ணை மூடிக்கோங்க சார். இதால பாதத்துல தொடுவேன். தொட்டது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க."

கண்ணை மூடினார். அவள் கையில் கண்ணாடி வளையல்கள் போட்டிருந்தாள். ஒவ்வொரு முறை கையை முன்னால் கொண்டுவரும்போதும் அவை லேசாக உரசின. ஒரே இடைவெளியில் தொட்டுக்கொண்டே போனாள். வளையல் உரசி, ஒரு தாள மாத்திரை விட்டு, தொடல். முதல் இரண்டைத் தவறவிட்டார். மூன்றாவதிலிருந்து தாளம் பிடிபட்டுவிட்டது. ஆமா. ஆமா. ஆமா. இடது பாதத்தில் மிச்ச எட்டு இடத்துக்கும் சரியான இடத்தில் ஆமா சொன்னார். அவற்றில் ஒன்றைக்கூட அவர் கால் உணரவில்லை.

ஏமாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுப் போகவில்லை. பாதி பயம். இன்னொரு பாதி, பிற்பாடு அவரே வீணாவிடம் சொன்னதுபோல, பழக்கம். தாளம் காதில் விழுந்தால் அவருக்குச் சும்மா இருக்க வராது.

அட்டையில் பாதம் பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வீணா அதை வாங்கிப் படித்துவிட்டுச் சாமி படத்தருகே வைத்தாள். அந்த வீட்டில் சாமி படம் என்பது புத்தர் படமும் பக்கத்தில் அம்பேத்கர் படமும்தான். "இனிமேலாவது மாத்திரைய ஒழுங்கா போடு" என்றாள். அவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் காதால் ஆடினார். பாதம் எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்லாவிட்டால் என்ன, பலகை சொல்லும். தகடு பட்டதும் சத்தம் வரும், அது நுனியா குதியா என்று காது சொல்லும், அடுத்த அடியை அதை வைத்து எடுத்துவிடலாம். வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் முதல் வாரத்திலேயே தடுமாறி விழுந்திருப்பார். இந்த ஆட்டம் அவரைக் காப்பாற்றியது என்று அவர் அப்போது நம்பினார். இடது காலை முன்பைவிட ஓங்கி அடித்தார், சத்தம் தெளிவாக வரட்டும் என்று. வைஷ்ணவி காதுக்கும் அது இப்போது தாமதமாகக் கேட்கவில்லை. "சரியாயிடுச்சிப்பா" என்றாள். நரேஷ்கூட, "அண்ணா, லெஃப்ட்ல நல்ல வெயிட்டு ஏறியிருக்குது" என்றான்.

பிப்ரவரியில் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியின் ஆண்டு விழா. முந்தின நாள் இடது காலணியின் நுனித் தகடு லூசாக இருப்பதைக் கவனித்தார். சின்னத் திருகாணி வீட்டில் இல்லை. டப்பாவைத் துழாவி, கொஞ்சம் நீளமாக இருந்த ஒன்றை எடுத்து அவரே முடுக்கினார். உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

மண்டபத்தில் மேடை முழுக்கத் தடித்த சிவப்புக் கார்ப்பெட். ஏற்பாடுகளைக் கவனித்த ஹரிஷ்குமார் கோயம்புத்தூர்க்காரர், மரியாதையானவர்.

"கார்ப்பெட்ட எடுக்க முடியாதுங்கண்ணா. அடுத்தது ஃபேஷன் ஷோ இருக்குதுங்க."

"கார்ப்பெட் மேல ஆடினா சத்தமே வராது சார். சத்தம் இல்லன்னா இதுல ஒண்ணுமே இல்ல" என்றார் ஆதிகேசவன்.

"பாட்டு ஃபுல் சவுண்டுல வெச்சிருவோம்ங்க. யாருக்கும் தெரியாது."

நரேஷ் பேசி, கடைசியில் கொண்டுபோன பலகையைக் கார்ப்பெட்டின் மேலேயே போட்டுக்கொள்ள அனுமதி வாங்கினான். பலகையின் கீழ் ஒட்ட வேண்டிய மைக்குக்கு ஒயர் போதவில்லை. பாட்டு ஆரம்பித்ததும், மேடை ஓரத்தில் அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்த ஸ்பீக்கர் நெஞ்சுக்கூட்டை அதிரச் செய்தது.

முதல் நிமிடத்திலேயே ஆதிகேசவனுக்குத் தன் கால் கேட்கவில்லை.

பாதம் உணர்வைச் சொல்லவில்லை, காது சத்தத்தைச் சொல்லவில்லை. கீழே குனிந்து பார்க்கவும் முடியாது. இந்த ஆட்டத்தில் தலை குனிந்தால் எல்லாம் போயிற்று. எதிரே நரேஷின் முழங்காலைப் பார்த்து, அதற்குச் சமமாகத் தன் முழங்காலைத் தூக்கி இறக்கினார். பதினோரு நிமிடம். விழவில்லை. கைதட்டினார்கள். இறங்கும்போது கிணற்றிலிருந்து வெளியே வந்தவன்போல மூச்சு வாங்கினார்.

பலகையைத் தூக்கப் போன நரேஷ் அப்படியே நின்றான்.

"அண்ணா, இதென்னா?"

பலகையில் சிவப்பாக, நாணயம் அளவில், வரிசையாக அடையாளங்கள். சில இடத்தில் தேய்ந்து இழுபட்டிருந்தன. முதலில் கார்ப்பெட்டின் சாயம் என்று நினைத்தார்கள். நரேஷ் தன் காலணியைத் திருப்பிப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து இடது காலணியைக் கழற்றினான். சாக்ஸ் ஊறிப்போயிருந்தது. நீளத் திருகாணி, அழுத்தம் ஏற ஏறக் காலணியின் உள்தோலைக் குத்திக்கொண்டு மேலே வந்து, கட்டைவிரலுக்குக் கீழே சதைக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை.

"வலிக்கலையாண்ணா?"

ஆதிகேசவன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இல்ல."

"எப்பத்திலேருந்து?"

"நாளாவுது." பிறகு சொன்னார்: "வீட்ல சொல்லாத நரேஷ். நானே சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. மருந்துக்கடையில் பஞ்சும் மருந்தும் வாங்கிக் கட்டிக்கொண்டு, சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டு, மூன்று நாள் வேலைக்குப் போனார். வெட்டும் மேசையருகே எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. நாலாம் நாள் காலையில் காய்ச்சல் அடித்தது. போர்வையை மடிக்க வந்த வைஷ்ணவி மூக்கைச் சுளித்தாள். "என்னா வாடை இது" என்று போர்வையை விலக்கினாள். கால் முட்டிவரை வீங்கியிருந்தது. பாதத்தின் முன்பக்கம் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல் என்றார்கள். ஐந்து நாள் கழித்து, சீழ் உள்ளே ஓடியிருக்கிறது, பாதத்தின் முன்பாதி முழுவதும் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் முழங்கால் வரை போய்விடும் என்றார்கள். கையெழுத்து போட்டது வீணாதான். டாக்டர் அவளிடம், "இவருக்குப் பாதத்துல உணர்ச்சி சுத்தமா இல்லம்மா. ரொம்ப நாளா இப்படி இருந்திருக்கும். யாரும் செக் பண்ணலையா?" என்று கேட்டார்.

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதைக் காட்டினாள். டாக்டர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை வார்டில் அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"கேம்ப்ல பாத்த பொண்ணு சரியா பாக்கலையா? எழுதிக் குடுத்திருக்காளே. நான் போய்க் கேக்கப் போறேன்."

"வேணாம் வீணா."

"ஏன் வேணாம்? கால் போவுது."

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வளையல் சத்தம், தாளம், ஆமா, எல்லாவற்றையும் சொன்னார். செருப்பு கழன்று விழுந்ததையும் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் அவள் அட்டையின் ஓரத்தை நகத்தால் மடித்து மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னா ஆட விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்" என்றாள். "அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அவள் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஆதிகேசவனுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

வைஷ்ணவிக்குத்தான் தாங்கவில்லை. சரியாகிவிட்டது என்று சொன்ன வாய் அவளுடையது. "நான் கேட்டேனேப்பா, நல்லாத்தானே கேட்டுச்சி" என்று நரேஷ் எதிரிலேயே ஒருமுறை அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். அவளுக்கு நல்லபடியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் ஓங்கி அடித்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

புண் ஆற ஏழு மாதம் ஆயிற்று. முன்பாதி இல்லாத பாதத்துக்கு உள்ளே பஞ்சு அடைத்த ஒரு காலணி செய்து கொடுத்தார்கள். கைத்தடியோடு நடக்கலாம். கம்பெனியில் துணி வெட்டும் மேசையை விட்டு, பட்டன் ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க யாரும் அதிகம் பேசமாட்டார்கள். முதலில் சில வாரம், மேசைக்கு அடியில் வலது கால் தானாகத் தட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்ப்பாள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

மறுவருடம் நரேஷ் வந்தான். சந்தாபுராவில் ஒரு கல்லூரியில் கலை விழா; உலக நடனங்கள் என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். "நான் ஆடுறேன். நீ பேசுண்ணா. உன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது."

போனார். மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மைக்கில் சொன்னார். எந்த ஊரில் மரக்கட்டை அடி வைத்த காலணியில் ஆடினார்கள், இரும்புத் தகடு எப்போது வந்தது, அமெரிக்கக்காரன் ஏன் உடம்பைத் தளர விட்டு ஆடுகிறான், அயர்லாந்துக்காரன் ஏன் ஆணி அடித்ததுபோல நிற்கிறான் என்று தெரிந்தவரை சொன்னார். "பாக்காதீங்க, கேளுங்க. வேணும்னா கண்ண மூடிக்கோங்க" என்றார். பிள்ளைகள் மரியாதையாகத்தான் இருந்தார்கள். ஆனால் நரேஷ் ஆட ஆரம்பித்ததும் எல்லாக் கையிலும் போன் உயர்ந்தது. எல்லாரும் சின்னத் திரையில் கால்களைப் பார்த்தார்கள். ஆதிகேசவன் மட்டும் கண்ணை மூடியிருந்தார். நரேஷ் நடுவில் இரண்டு இடத்தில் தவறினான். பயிற்சி விட்டுப்போயிருப்பது தெரிந்தது.

திரும்பும்போது ஓசூர் ரோட்டில் போக்குவரத்து நெரிசல். பஸ் முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. நரேஷ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்.

"எச்.எஸ்.ஆர். லேஅவுட்ல ஒரு ஃபிட்னெஸ் சென்டர்ல கூப்புடுறாங்கண்ணா. ஜூம்பா டான்ஸ் சொல்லித் தரணும். மாச வேலை. சேர்ந்துட்டேன்."

"நல்லது."

"ரெண்டு பேர் இல்லாம இத ஆட முடியலண்ணா. ஒருத்தன் கேட்டு இன்னொருத்தன் திருப்பிச் சொல்ற மாதிரிதானே நாம போட்டது எல்லாம். நான் சொல்லிட்டு நிக்கிறேன், எதிர்ல யாருமில்ல."

"தெரியுது. ரெண்டு எடத்துல நின்னுட்டே."

நரேஷ் தலை குனிந்துகொண்டான். மடிவாளாவில் இறங்கும்போது அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை போன் பேசியிருக்கிறார்கள். நேரில் பார்க்கவில்லை.

ஆதிகேசவன் வீட்டுக்கு வந்தபோது வீணா சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். எப்படிப் போச்சு என்று கேட்டாள். "கேட்டாங்க" என்றார். முகம் கழுவிக்கொண்டு வந்து விளக்கடியில் உட்கார்ந்தார். தினமும் இந்த நேரத்தில் வலது பாதத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். கையளவு கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, விரல் இடுக்கு, குதிகால், ஓரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் தோல் கொஞ்சம் சிவந்திருந்தது. நாள் முழுக்க ஷூ போட்டிருந்ததால் இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வீணா" என்று கூப்பிட்டார். "கொஞ்சம் இங்க வந்து பாரு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து குனிந்தாள்.